சிட்டிசன் லேப்

சிட்டிசன் லேப், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆய்வுக்கூடம். அரசியல் அறிவியல் பேராசிரியர் ரொனால்ட் டீபர்ட் 2001-இல் இதைத் தொடங்கினார். அரசுகள் விலைக்கு வாங்கும் உளவு மென்பொருள் எவருடைய கைப்பேசியில் புகுந்திருக்கிறது என்பதைத் தடயங்களோடு நிறுவியதால் உலகம் இதை அறிந்தது.

தொடக்கத்தில் இணையத் தணிக்கையை ஆராய்ந்தது. 2009-இல், தலாய் லாமா அலுவலகம் உட்பட 103 நாடுகளில் 1,295 கணினிகளை வேவுபார்த்த ‘கோஸ்ட்நெட்’ வலையை வெளிக்கொணர்ந்தது. 2012-இல் பஹ்ரைன் செயற்பாட்டாளர்களுக்கு வந்த மின்னஞ்சல்களில் ‘ஃபின்ஃபிஷர்’ என்ற உளவு மென்பொருள் அகப்பட்டது. குற்றவாளிகளைப் பிடிக்கவே விற்கிறோம் என்ற உளவு மென்பொருள் நிறுவனங்களின் வாதம் அப்போதே ஆட்டங்கண்டுவிட்டது.

திருப்புமுனை 2016 ஆகஸ்டில் வந்தது. ஐக்கிய அரபு அமீரகச் சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்களைத் தருவதாக, அந்நாட்டு மனித உரிமைப் போராளி அகமது மன்சூருக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. முன்பே இருமுறை உளவு மென்பொருளுக்கு இலக்கானவர் அவர். செய்திகளில் இருந்த இணைப்பைத் தொடாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்குள்ள ஆய்வாளர்கள் பில் மார்சாக், ஜான் ஸ்காட்-ரெயில்டன் இருவரும் சோதனைக் கைப்பேசி ஒன்றில் அதைத் திறந்தார்கள். ஆப்பிள் நிறுவனமே அறியாத மூன்று ஓட்டைகள் வழியே நுழைந்தது இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் ‘பெகாசஸ்’ உளவு மென்பொருள். ஆகஸ்ட் 25 அன்று ஆப்பிள் அவற்றை அடைத்தது. கோடிக்கணக்கானோரின் கைப்பேசிகளைக் காத்த மன்சூர் 2017-இல் கைதாகி, 2018-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2024-இல் மேலும் 15 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. இந்த வரலாற்றின் பெருங்கொடுமை இதுவே.

பெகாசஸை இயக்கும் சர்வர்களின் தனி அடையாளங்களை இணையம் முழுவதும் தேடி, 45 நாடுகளில் அது ஊடுருவியிருக்கக்கூடும் என்று 2018-இல் ஆய்வுக்கூடம் அறிவித்தது. அடுத்த ஆண்டு வாட்ஸ்ஆப் அழைப்பின் வழியே, அழைப்பை எடுக்காமலே, சுமார் 1,400 பேரின் கருவிகள் பெகாசஸால் தாக்கப்பட்டன. இலக்கான மனித உரிமைச் செயற்பாட்டாளர்களை அடையாளங்காண ஆய்வுக்கூடம் உதவியது. பீமா கோரேகான் வன்முறை வழக்கோடு தொடர்புடைய இந்திய வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் அவர்களில் அடக்கம். வாட்ஸ்ஆப் தொடுத்த வழக்கில் என்எஸ்ஓவே பொறுப்பு என 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் பெகாசஸ் உளவு பற்றி விசாரிக்க 2021-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளைச் சோதித்து ஐந்தில் தீய மென்பொருள் இருப்பதைக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு தெரிவித்ததை 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் பதிவுசெய்தது.