விளவும் வெள்ளிலும்

இக்காலத்தில் விளாம்பழம் என்று நாம் வழங்குவது, மரத்தின் பெயரோடு பழம் என்னும் பொதுச்சொல்லை ஒட்டிச் செய்த பெயரேயாகும். சங்கப் புலவர்களோ மரத்தை விளவு என்றும், அதன் கனியை வெள்ளில் என்றும் வேறு பிரித்துச் சொன்னார்கள் என்பதற்கு நற்றிணையின் 24-ஆம் பாட்டும் புறநானூற்றின் 181-ஆம் பாட்டும் சான்றாக நிற்கின்றன.

நற்றிணைப் பாட்டை இயற்றிய கணக்காயனார், உடும்புகள் பற்றிக் கிடந்தாற்போலப் பட்டை பொரிந்து நிற்கும் நெடிய விளவினையும், காம்பு இற்று வீழ்ந்து, ஆடி முடித்துவிட்ட பந்துகளென்னப் பசும்பயிரின்மேற் பரந்து கிடக்கும் வெள்ளிற் கனிகளையும் ஒருங்கே காட்டி, அக்கனிகளே வழிச்செல்வோர்க்கு உணவாகின்ற வேற்றுநாட்டுச் சுரத்தையும் குறிக்கின்றார். பட்டையின் வெடிப்பும், கனி முதிர்ந்தபின் தானே உதிர்தலும் இவ்விருட்சத்தின் மெய்யான இயல்புகள். அருகிருந்து பார்த்த கண்ணுக்கன்றி இவை புலப்படா. புறநானூற்றிலோ, மன்றத்து விளவிலிருந்து மனையில் வீழ்ந்த வெள்ளிலுக்காக எயிற்றியின் அருமை மகனோடு காட்டுப்பிடியின் கன்றும் வந்து சேர்கின்றது. 1800-இல் கொரெயா என்ற போர்த்துகீசியத் தாவர சாஸ்திரி சூட்டிய பெரோனியா எலிபாண்டம் என்னும் பெயரிலும் யானை இடம்பெற்றிருத்தல் எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது. தெலுங்கின் வெலக, கன்னடத்தின் பேல என்பன விளவின் இனச்சொற்கள். வடமொழிக் கபித்தம் குரங்கு தங்குமிடம் எனப் பொருள்படும்.

கனிக்கென்று தனிச்சொல் வைத்திருந்த காலம் அதனை ஆகாரமாகவே மதித்த காலம் என்பது என் துணிபு. இன்றோ விநாயக சதுர்த்தியன்று நிவேதனத்திற்குத் தேடுவதோடு பலரும் அதனை மறந்துவிடுகின்றனர். ஹைதராபாத் தேசிய போஷாக்கு நிலையத்தார் முன்னர் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் சதையில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும், 18 கிராம் மாவுச்சத்தும், 5 கிராம் நார்ப்பொருளும், 130 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் அடங்கியுள்ளன. எலுமிச்சையின் குடும்பத்திற் பிறந்தும் வைட்டமின் சி மட்டும் 3 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. சுரத்திற் செல்வோன் இதனை உண்டு நடந்தான் என்பதில் வியப்பென்ன?

இவ்வளவு நலமிருந்தும் இதனைத் தோப்பாக வைப்பார் அரியராயிருத்தற்குக் காரணம் அதன் மந்தமான வளர்ச்சியே. வறட்சியையும் மெலிந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் இம்முள்மரம், விதையிலிருந்து எழுந்ததாயின் காய்ப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளேனும் எடுத்துக்கொள்ளும். மொட்டு ஒட்டிய கன்றோ அதற்கு வெகு முன்னரே பலன் தரும். ஆதலால், பிற பழமரங்கள் நீரின்றி வாடும் மேட்டு நிலமுடையவர் ஒட்டுக்கன்றுகளையே தேடி நடுதல் வேண்டும்.