மைக்ரோவேவ் அடுப்பில் உருகும் உலோகம்

மைக்ரோவேவ் அடுப்புக்குள் எவர்சில்வர் கிண்ணம் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நுண்ணலைகளை உலோகம் திருப்பியனுப்பிவிடும். ஓரங்களில் பொறி பறக்கும். அதே அலைகளைக் கொண்டு உலோகத்தையே உருக்கி வார்க்கிறார்கள் என்றால் வேடிக்கைதானே!

1940-ல் ராடாருக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டாலும் ஹாரி பூட்டும் ஒரு புதுவகை மேக்னட்ரானை உருவாக்கினர். 1945-ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில், அந்தக் கருவியின் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் இளகிப்போனதாம். (அது சாக்லேட்டா, வேர்க்கடலை மிட்டாயா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை.) இப்படிச் சமையலறைக்கு வந்த அலை உலோகத்திடம் பேர் வாங்க அரை நூற்றாண்டு பிடித்தது.

1999-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ராஞ்சியில் பிறந்த ருஸ்தம் ராய், தினேஷ் அகர்வால் முதலானோர், உலோகப் பொடியை அழுத்திச் செய்த பாகங்களை நுண்ணலையால் சுட்டு இறுக்கி, 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். சூட்சுமம் பொடியில் இருக்கிறது. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை செம்புக்குள் சுமார் 1.3 மைக்ரான் ஆழம்தான் புகும். கட்டி என்றால் மேல்தோலோடு சரி. சில மைக்ரான் துகள் என்றால் ஏறக்குறைய முழுதும் சூடேறும்.

வார்ப்பு வேறு கதை. அதில் அலையை விழுங்குவது பெரும்பாலும் சிலிகான் கார்பைடு போன்ற பீங்கான் மூசை. மூசை கொதித்து உள்ளிருக்கும் உலோகத்தை உருக்குகிறது. அப்படியானால் வார்ப்பின் குணத்தில் நுண்ணலைக்கு என்ன பங்கு? இதுதான் சிக்கலான கேள்வி.

பதில் தேடும் வழி பழையது. ஷெஃபீல்டில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1863-64 வாக்கில் எஃகைக் கண்ணாடிபோலத் தேய்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அரித்து, நுண்ணோக்கியில் பார்த்தார். முத்துப்போல் மின்னிய ஒரு பகுதியைக் கண்டார். பெர்லைட் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். உலோகத் தொழில் அவரை உருப்படியாகக் கவனிக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று!

இன்றும் வெட்டுவது, தேய்ப்பது, அரிப்பது அதேதான். எலக்ட்ரான் நுண்ணோக்கி கூடச் சேர்ந்திருக்கிறது. அதோடு இணைந்த எக்ஸ்-கதிர் ஆய்வு, மூசையிலிருந்து சிலிகான் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். ஆனால் எஃகின் கார்பன் அளவை அது நம்பகமாகச் சொல்லாது. அதற்குத் துண்டை ஆக்சிஜனில் எரித்து வரும் வாயுவை அளக்க வேண்டும்.

படத்தில் படிக மணிகள் பொடியாகத் தெரிந்தால் உடனே நுண்ணலைக்கு மாலை போடுவது அவசரம். மரக்கிளைபோல் வளரும் படிகங்களின் இடைவெளியைப் பெரிதும் முடிவு செய்வது உறையும்போது குளிரும் வேகம். அது அச்சின் வேலை. அதே உலோகத்தை, அதே வெப்பநிலையில், அதே அச்சில், சாதாரண உலையிலிருந்தும் ஊற்றி, இரண்டையும் ஒரே மாதிரி குளிரவிட்டுப் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.