கருவிகள் திறந்த மலை: பென் நெவிஸின் வரலாறு

ஸ்காட்லாந்தின் மேற்கே ஃபோர்ட் வில்லியம் ஊரை ஒட்டி எழும் பென் நெவிஸ்தான் பிரிட்டனிலேயே உயர்ந்த மலை. உயரம் 1,345 மீட்டர். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடக்கும் பாதை, உச்சியில் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் பார்க்கப் போனவர்களுக்காக 1883-இல் வெட்டப்பட்ட மட்டக்குதிரைப் பாதை. அளவெடுக்க வந்தவர்கள் முதலில், கயிறு கட்டி ஏற வந்தவர்கள் பிறகு என்பதுதான் இந்த மலையின் வரலாற்று வரிசை.

பதிவாகியுள்ள முதல் ஏற்றம் 1771 ஆகஸ்ட் 17 அன்று நடந்தது. ஏறியவர் எடின்பரோ தாவரவியலர் ஜேம்ஸ் ராபர்ட்சன். செடிகளைச் சேகரிக்க வந்தவர். 1818-இல் கவிஞர் கீட்ஸ் ஏறினார். அப்போது பென் மக்டூயி என்ற மலைதான் உயரத்தில் முந்தியது என்று பலரும் நம்பிவந்தார்கள். 1847-இல் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்டினன்ஸ் சர்வே அளந்த பிறகே அந்த வழக்கு தீர்ந்தது.

உண்மையான திருப்பம் 1881 கோடையில் வந்தது. கிளெமென்ட் ராக் என்ற வானிலையாளர் ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை தினந்தோறும் உச்சிக்கு ஏறினார். பாதை கிடையாது, ஈரச் சதுப்பும் சரளைக் கல்லும்தான். அதிகாலையில் கிளம்பி, வழிநெடுக நின்று நின்று அளவெடுத்து, பிற்பகலில் இறங்குவார். அவர் மேலே கருவிகளைப் பார்க்கும் அதே நேரத்தில் அவருடைய மனைவி கீழே கடல்மட்டத்தில் அளவெடுத்துக்கொண்டிருப்பார். ஒரே நேரத்து இரண்டு எண்களை ஒப்பிட்டால்தான் காற்று உயரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியும். இந்த வேலையில் பாதி அந்தப் பெண்மணியுடையது என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து வானிலைச் சங்கம் ராகுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

அந்த உழைப்பைக் கண்ட மக்கள் நன்கொடை தந்தார்கள். பாதை போடப்பட்டது, 1883 அக்டோபரில் உச்சியில் வானிலை ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. இரவு பகலாக, மணிக்கொரு முறை அளவெடுப்பு. குளிர்காலத்தில் பனி வாசலை மூடிவிடும். அப்போது நிலையத்தின்மேல் இருந்த கோபுரத்தின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மூடுபனி பட்ட இடத்திலெல்லாம் உறைந்து, காற்று வரும் திசையை நோக்கி இறகு இறகாக வளரும். வெப்பமானி வைத்த மரப்பெட்டியின் சட்டங்கள் அப்படி அடைத்துக்கொண்டால், ஊழியர்கள் அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் உருகவிட்டு, வேறொரு பெட்டியை மாட்டிவிட்டு வருவார்கள்.

1894 செப்டம்பரில் சில நாள் வேலைக்கு அங்கே வந்த இளம் இயற்பியலர் சி. டி. ஆர். வில்சன், மேகத்தின்மீது விழுந்த நிழலைச் சுற்றி வண்ண வளையங்களைக் கண்டார். அதை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க முனைந்ததில் பிறந்ததுதான் முகிலறை. மின்னூட்டத் துகள்களின் தடத்தைக் கண்ணால் காணவைத்த அக்கருவிக்காக 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நிலையமோ போதிய பணமின்றி 1904-இல் மூடப்பட்டது. அரசு காட்டிய அலட்சியம் அறிவியலுக்குப் பெரிய இழப்பு. அச்சுத் தொகுதிகளில் கிடந்த பதிவுகளை 2017-இல் ரெடிங் பல்கலைக்கழகத்தின் முயற்சியில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கணினியில் ஏற்றினார்கள். சுமார் 15 லட்சம் அளவீடுகள் மீண்டன.

நிலையம் இயங்கிய காலத்திலேயே மலையின் மறுபக்கம் வேறொரு கூட்டத்தை இழுத்தது. வடக்கு முகம் செங்குத்துப் பாறை. 1889-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் மௌன்டனியரிங் கிளப்பின் முக்கியக் களங்களில் ஒன்றாக அது ஆனது. டவர் ரிட்ஜ் என்ற நீண்ட பாறை விளிம்பை 1892-இல் ஹாப்கின்சன் சகோதரர்கள் முதன்முதலாக முழுதும் கடந்தார்கள், அதுவும் மேலிருந்து கீழாக. 1894 மார்ச்சில், பனி படர்ந்திருக்கும்போதே, வேதியியலர் நார்மன் கோலியின் குழு அதன் வழியே ஏறியது. 1918-இல் மெசபொடேமியப் போர்முனையில் இறந்த சார்ல்ஸ் இங்லிஸ் கிளார்க்கின் நினைவாக அவருடைய பெற்றோர் எழுப்பிய கல்குடில் 1929-இல் அப்பாறைகளின் அடியில் திறக்கப்பட்டது. அது வந்த பிறகு, பாறைக்குப் போவதற்கே பாதி நாள் கரைந்த நிலை மாறியது.

அக்குடிலில் தங்கித்தான் 1960 பிப்ரவரியில் ஜிம்மி மார்ஷலும் ராபின் ஸ்மித்தும் ஒரே வாரத்தில் ஆறு புதிய வழிகளில் ஏறினார்கள். முந்தைய ஆண்டு இயன் க்ளஃப் குழு ஐந்து நாள் போராடி வென்ற பாயின்ட் ஃபைவ் பனிப்பிளவை இவர்கள் ஒரே நாளில் முடித்தார்கள். ஆளுக்கொரு பனிக்கோடரி. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பனியில் படி வெட்ட வேண்டும். கால் வைத்து ஏறி, அடுத்த படி. மணிக்கணக்கில் தோள் ஓயாது.

1970-களில் அந்த முறை மாறியது. அமெரிக்கர் ஈவோன் ஷுயினார்டின் வளைந்த மூக்குக் கோடரியும், ஸ்காட்லாந்தின் ஹாமிஷ் மெக்கின்னிஸ் செய்த, மூக்கு கீழ்நோக்கிச் சரிந்த கோடரியும் பனியில் கொத்தினால் அப்படியே கவ்விக்கொண்டன. இரண்டு கைக்கும் ஒவ்வொன்று, பூட்ஸின் முன்னால் நீட்டிய இரும்பு முட்கள். படி வெட்டும் வேலையே இல்லாமல் போனது. மார்ஷலின் தலைமுறைக்கு முழு நாள் பிடித்த வழிகளைச் சில மணி நேரத்தில் முடிப்பவர்கள் வந்தார்கள்.