உடலை வரைந்து காட்டிய கை

நம் காலனிப் பிள்ளைகள் சிலர் இன்று மருத்துவம் பயில்கின்றனர்; அவருள் என் மகளும் ஒருத்தி. முதலாண்டுத் தொடக்கத்தில் அவள் ஒரு பெரிய உடற்கூற்று நூலை இல்லத்திற்குக் கொணர்ந்தாள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு அதன் ஆங்கிலம் எட்டவில்லை. ஆயினும் படங்களைப் பார்த்தபோது ஓரளவு விளங்கிற்று. இப்படங்களை முதலில் வரைந்தவர் யார் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

சொல் ஒன்றன்பின் ஒன்றாக வருவது. உடலோ அவ்வாறு அமைந்ததன்று. தோலின்கீழ்த் தசை, தசையின்கீழ் நாளம், அதனை ஒட்டி நரம்பு எனப் பலவும் ஓரிடத்தே செறிந்துள்ளன. கத்தி ஒரு நூலளவு பிழைத்தாலும் உயிருக்கு ஊறு நேரும். அறுத்தறியும் கூடத்தில் மாணவர் நிற்பது சில மணி நேரமே. அங்குக் கண்டதை இரவில் மீண்டும் காணத் துணையாவது படநூல் அன்றோ?

இத்துறையில் முதற்பெரும் படைப்பு 1543இல் பாசல் நகரில் வெளிவந்த வெசாலியசின் நூல். மனிதனின் கீழ்த்தாடை ஈரெலும்பால் ஆனது என்னும் பழங்கொள்கையை அவர் மறுத்தார். அது ஓரெலும்பே என்று நேரிற்கண்டு நிறுவினார். அந்நூலின் எழில்மிகு படங்களை வரைந்த ஓவியர் யாவர் என்பது இன்றும் ஐயத்திற்கு இடமாகவே உள்ளது.

அடுத்து உலகம் போற்றியது, 1858இல் இலண்டனில் வெளிவந்த ‘கிரேயின் அனாட்டமி’. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சார்ந்த ஹென்றி கிரே உரையை எழுதினார். 363 படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்னும் இளம் மருத்துவர். இருவரும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சேர்ந்து உடல்களை அறுத்து ஆராய்ந்தனர். அக்காலத்துச் சட்டப்படி, உரிமை கோர ஆளில்லாத ஏழையரின் உடல்களே உடற்கூற்றுப் பள்ளிகளுக்கு வந்தன. அவர்தம் பெயர்களையும் நாம் அறியோம்.

கார்ட்டரின் சிறப்பு யாதெனில், உறுப்பின் பெயரை உறுப்பின் மீதே எழுதியமை. முந்தைய நூல்கள் பலவற்றில் உறுப்பின்மேல் ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும். பெயரைக் கீழே தேட வேண்டும். நான் பணிபுரியும் பார்சல் அலுவலகத்தில் மூட்டையின் மீதே சேருமிடத்தின் பெயரை எழுதுகிறோம். எண்ணை மட்டும் எழுதிப் பெயரைப் பதிவேட்டில் வைத்தால், வண்டி புறப்படும் வரை ஏட்டைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கார்ட்டர் அத்தொல்லையை மாணவருக்கு நீக்கினார். அச்சிடும்போது நேராக அமைவதற்காக மரக்கட்டையின்மேல் அனைத்தையும் இடவலமாக மாற்றி வரைந்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அவர் பெற்ற கைம்மாறு என்ன? கிரேவுக்கு விற்பனையாகும் ஒவ்வோர் ஆயிரம் படிக்கும் 150 பவுன்; கார்ட்டருக்கு ஒரே முறை 150 பவுன். முகப்பேட்டின் அச்சுப்படியில் தம் துணைவரின் பெயரைச் சிறிய எழுத்தில் இடுமாறு கிரே குறித்தார். கிரேயைத் தூற்றுவது என் நோக்கமன்று. அவரும் 1861இல், 34ஆம் வயதில், பெரியம்மையால் மாண்டார். எழுதியவர் பெயரே நூலின் பெயராயிற்று; வரைந்தவர் மறைந்தார்.

மறைந்த அவர் வந்து சேர்ந்த இடமோ நம் மும்பை! நூல் வெளிவந்த 1858ஆம் ஆண்டிலேயே இங்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். பிற்காலத்தில் அதன் முதல்வராகவும் விளங்கினார். நம் மதுரையின் பெயரால் ‘மதுரைக் கால்’ என வழங்கும் கொடிய நோயை ஆராய்ந்து, அதற்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சை என விளக்கி 1874இல் நூல் வெளியிட்டார். அக்கல்லூரி அமைந்துள்ள பைகுலா வழியே நாள்தோறும் பணிக்குச் சென்றும், இதனை இத்தனை ஆண்டுகள் அறியாதிருந்தேன்.

தமிழுக்கும் இந்நூலோடு உறவு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரும் அவர்தம் மாணாக்கரும் கிரேயின் நூலைத் தமிழாக்கினர்.

ஆங்கிலத்தில் அந்நூல் 2020இல் 42ஆம் பதிப்பைக் கண்டது. பெற்றோரே, படநூலின் விலை மிகுதி என்று தயங்காதீர். பழைய படியாயினும் வாங்கிக் கொடுங்கள். முன்னவர் பயன்படுத்திய நூல்களைப் பின்னவர்க்கு வழங்குங்கள்.

என் மகள் தன் நூலின் முதல் ஏட்டில் தன் பெயரை எழுதியிருந்தாள். அதற்கு மேலே கார்ட்டரின் பெயரையும் எழுதச் சொன்னேன். சற்றுப் பெரிய எழுத்திலேயே எழுதினாள்.