குவைத்தின் பாறையும் எமது பிளொப்பிகளும்

1982இல் குவைத்தில் முகம்மது அல்-ஷாரிக் ‘ஸக்ர்’ நிறுவனத்தைத் தொடக்கினார். அரபியில் ஸக்ர் என்றால் பாறை. மைக்ரோசொப்ட்டும் ஜப்பானின் அஸ்கியும் 1983இல் அறிவித்த எம்.எஸ்.எக்ஸ் தரத்தைத் தழுவிய கணனிகளில் அரபி எழுத்தை ஏற்றி அது விற்றது. 1990 ஓகஸ்ட் 2இல் ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தபின் நிறுவனம் கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்தது. பாறைக்கும் புலம்பெயர நேர்ந்தது.

இன்று பழங்கணனி ஆர்வலர்கள் அந்த இயந்திரங்களுக்கான தொடக்கத் தட்டுகளைப் படிமங்களிலிருந்து உருவாக்குகிறார்கள். படிமம் என்பது பிளொப்பியின் 2 பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 9 துண்டம், துண்டத்துக்கு 512 பைட் என 737,280 பைட்டும் வரிசை குலையாமல் அடங்கிய ஒரே கோப்பு. கோப்புகளை மட்டும் பிரதிபண்ணினால் போதாது. இயந்திரம் முதலில் வாசிப்பது முதல் துண்டத்தை. அங்குள்ள சிறு கட்டளைதான் எம்.எஸ்.எக்ஸ்-டொஸ்ஸை அழைக்கும். அது கிடைக்காவிடில் இயந்திரம் பேசிக் மொழியோடு நின்றுவிடும். ஆகவே துண்டம் துண்டமாக எழுதும் செயலி வேண்டும். 720 கிலோபைட் தட்டும் வேண்டும். 1.44 மெகாபைட் தட்டின் துளையை ஒட்டுநாடாவால் மூடிப் பயன்படுத்துவோரும் உளர். காந்தப்பூச்சு வேறாதலால் அதில் எழுதியதை நீண்டகாலம் நம்பமுடியாது.

இதில் எமக்கென்ன? அந்தத் தட்டின் ஒழுங்கும் எமது சஞ்சிகைகள் பலவற்றைக் கோர்த்த டொஸ் கணனிகளின் ஒழுங்கும் ஏறக்குறைய ஒன்றே. அச்சுப் பிரதி இருக்கையில் பிளொப்பி எதற்கு என்பர் சிலர். 2005 முதல் நூலகம் திட்டம் அச்சுப் பக்கங்களை மின்வடிவாக்கி வருவது பெரும் பணி. எனினும் வெட்டிய பந்தியும் வெளியிடாத மறுப்பும் அச்சில் இல்லை. அவை இருந்தால் பிளொப்பியில்தான் இருக்கும். கோப்பை அழிக்கும்போது டொஸ் அதன் பெயரின் முதலெழுத்தை மாற்றி, இடத்தைக் காலியென்று குறிக்குமே தவிர, உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. வேறொன்று மேலே எழுதப்படும்வரை அது அங்கேயே கிடக்கும். படிமம் அதனையும் சேர்த்தே எடுக்கும்.

வாதம் இங்கேதான் தொடங்குகிறது. உயிருக்கு அஞ்சிப் புனைபெயரில் எழுதியவரின் சொந்தப் பெயரும் முகவரியும் அந்தக் ‘காலி’ இடத்தில் கிடக்கக்கூடும். அழித்துவிட்டோம் என்று ஆசிரியர் நம்பியிருப்பார். அதற்காகத் தட்டுகளை மக்கவிடுவதா? படிமத்தை உடனே எடுக்கவேண்டும், காந்தம் காத்திராது. திறப்பதோ எழுதியவரின் சம்மதத்தோடு மட்டும். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது எதைக் காப்பது, எதை மூடிவைப்பது என்று தீர்மானிக்கும் வாய்ப்பு எமக்கு இருக்கவில்லை. இந்தத் தட்டுகள் விடயத்தில் இன்னும் இருக்கிறது.