மறுபடியும் வாளி

ஜவ்வாது மலையில பெட்ரோல் பங்க்கை விட்டா எண்ணெய் சமாச்சாரம் ஏதும் இல்லை. அதனாலயோ என்னவோ, எண்ணூர் கதையை விடாம படிச்சிட்டிருக்கேன்.

2017 ஜனவரி 28. எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் வாளியால் அள்ளினாங்க, ஞாபகம் இருக்கா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். இந்த முறை கப்பல் இல்லை. 1969-லேர்ந்து ஓடுற மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய். எங்க குழாயில் கசிவே இல்லைன்னு சி.பி.சி.எல். முதலில் சொன்னது. ஆலை வளாகத்துக்குள்ள மழைநீரைச் சரியா கையாளலைன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. மீனவர்கள் கையில மறுபடியும் வாளி, மக்கு!

ஆத்துல மிதவைத் தடுப்பு போடுறது கடைசி வேலைங்க. டேங்கைச் சுத்தி தடுப்புச் சுவர், மழைத்தண்ணி வெளியேறும் முன்னாடி எண்ணெயைப் பிரிக்கிற தொட்டி, ரெண்டும் மதிலுக்கு உள்ளேயே இருக்கணும், பேய்மழைக்கும் தாங்கணும். எண்ணெய் மேலே மிதக்கும். தொட்டி நிரம்பி வழிஞ்சா முதலில் வெளியே போறது அதுதான்.