திறக்க முடியாத பொட்டி

ஆப்பிள் கம்பெனி ஒரு சாதா டெஸ்க்டாப் போட்டா என்ன? பக்கவாட்டு மூடியைக் கழட்டி நாமளே ராம் சேர்த்துக்கிற மாதிரி, ஹார்ட் டிஸ்க் மாத்திக்கிற மாதிரி, நடுத்தர விலையில ஒண்ணு. இந்தச் சண்டை இருபது முப்பது வருஷமா ஓடுது. "போட்டா ஊரையே பிடிச்சிடலாம்"னு ஒரு கோஷ்டி. "போட்டா பேர் கெட்டுடும், பென்ஸ் கம்பெனி ஷேர் ஆட்டோ விக்குமா"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் விலையைப் பத்தியே பேசுறாங்க. கொஞ்சம் பழைய கதையைக் கிளறிப் பார்த்தா மேட்டர் விலை மட்டும் இல்லைன்னு தோணுது.

1977ல வந்த ஆப்பிள் 2 திறக்கக்கூடிய பொட்டி. மூடியை அப்படியே கையால தூக்கலாம். உள்ளே எட்டு ஸ்லாட். ரெண்டு போதும், ஒண்ணு பிரிண்டருக்கு, ஒண்ணு மோடத்துக்குன்னு ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். வாஸ்னியாக் எட்டு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு சாதிச்சார். 1984ல மெக்கின்டாஷ் வந்தப்புறமும் சில வருஷம் கம்பெனிக்குச் சோறு போட்டது அந்த எட்டு ஸ்லாட் மெஷின்தான்.

மெக்கின்டாஷ் கதை இன்னும் வேடிக்கை. 1979ல அதை ஆரம்பிச்சவர் ஜெஃப் ராஸ்கின். ஆயிரம் டாலருக்குள்ள, யாரும் வாங்கக்கூடிய மெஷின்னுதான் அவர் திட்டம். ஜாப்ஸ் கைக்குப் போச்சு, ராஸ்கின் வெளியேறினார், விலை 1,995 டாலர்னு ஆச்சு. விளம்பரச் செலவுக்காக ஸ்கல்லி மேல ஒரு 500 போட்டார். கடைசியில 2,495 டாலர். ஸ்லாட் ஒண்ணு கூடக் கிடையாது. திறக்கணும்னா நீளமான தனி ஸ்க்ரூடிரைவர் வேணும். மலிவா ஆரம்பிச்சது, பூட்டுப் போட்டு முடிஞ்சது.

அதே காலத்துல நம்ம பக்கம் என்ன நடந்துச்சு? 1984 நவம்பர்ல ராஜீவ் காந்தி அரசு புது கம்ப்யூட்டர் கொள்கை கொண்டுவந்து கட்டுப்பாட்டைத் தளர்த்தினது. அடுத்து சென்னையில ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் சிவசங்கரன் (பின்னாளில் ஏர்செல் நடத்தினாரே, அவரேதான்) 'சிவா பிசி'ன்னு ஒண்ணை இறக்கினார். மத்தவங்க விலையில ஏறத்தாழ பாதி, முப்பதாயிரத்துச் சொச்சம். பெரிய கம்பெனிகளும் விலையை இறக்க வேண்டியதாப்போச்சு. மந்திரம் ஒண்ணும் இல்லை. ஐபிஎம் 1981ல போட்ட பிசியோட அமைப்பு திறந்த அமைப்பு. பாகங்களை எவனும் செய்யலாம், எவனும் வாங்கிப் பூட்டலாம். அண்ணா சாலை பக்கத்து ரிச்சி ஸ்ட்ரீட் நாட்டுக்கே தெரிஞ்ச எலக்ட்ரானிக்ஸ் தெருவா ஆனதுக்கும் அந்தத் திறந்த பொட்டிக்கும் நேரடி சம்பந்தம் உண்டு.

இங்க ஒரு சொந்தக் கதை சொல்லித்தான் ஆகணும். நமக்கு ஊர் திருவண்ணாமலை. கிரிவலம் போற ஊர் இல்லீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல சீனிவாசப் பெருமாள் மலைமேல இருக்காரே, புரட்டாசி சனிக்கிழமை கூட்டம் அள்ளுமே, அந்த ஊர். 2003ல ராஜபாளையத்து அண்ணாச்சி ஒருத்தர் அசெம்பிள் பண்ணிக் கொடுத்த பொட்டிதான் என் முதல் கம்ப்யூட்டர். 128 எம்பி ராம், விண்டோஸ் 98. அதுல யூனிகோடு தமிழ் ஒழுங்கா வராது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எக்ஸ்பி போடணும், அதுக்கு 128 பத்தாது. "தம்பி, இப்ப ஒரு 128 சேர்த்துக்கங்க, ஹார்ட் டிஸ்க் தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்"னார் அண்ணாச்சி. மானிட்டர் அப்புறம், ஸ்பீக்கர் அதுக்கும் அப்புறம். இ-கலப்பையை இறக்கி முதல் பதிவு தட்டினது அந்த ரெண்டாவது ராம் துண்டு உள்ள போனப்புறம்தான்.

வெளிநாட்டு ஆளுங்க 'கஸ்டமைஸ்'னு சொல்றப்போ அது ஒரு ஆசை. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, கலர் கலரா விளக்கு. நம்ம ஊர்ல அது தவணை. சீட்டுக் கட்டுற மாதிரி, மாசச் சம்பளத்துல ஒதுங்கினதை வச்சுக் கம்ப்யூட்டரைத் துண்டு துண்டா வாங்கினோம். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. மூடி திறக்கணும், அவ்வளவுதான். பேஜ்மேக்கர் போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிச்ச டிடிபி கடைகளும், தடுப்பு வச்ச பிரவுசிங் சென்டர்களும் முக்கால்வாசி இப்படித்தான் வளர்ந்துச்சு.

சரி, ஆப்பிளுக்கு வருவோம். மலிவும் திறந்த பொட்டியும் சேர்ந்து வந்த காலம் அங்கயும் ஒண்ணு உண்டு. ஆனா செஞ்சது ஆப்பிள் இல்லை. ஸ்பிண்ட்லர் தலைமையில இருந்தப்போ, மத்தவங்களும் மேக் செய்யலாம்னு லைசென்ஸ் கொடுத்தாங்க. 1995ல ஸ்டீஃபன் காங் ஆரம்பிச்ச பவர் கம்ப்யூட்டிங் முதல் குளோனை இறக்கினது. போன் போட்டா நீங்க கேட்ட ராம், கேட்ட டிஸ்க் போட்டு வீட்டுக்கு அனுப்புவாங்க. அண்ணாச்சி சேவைதான், அமெரிக்க ரேஞ்சுல :-)

ஆப்பிள் போட்ட கணக்கு என்னன்னா, குளோன்காரங்க விண்டோஸ் ஆளுங்களை இழுத்துட்டு வருவாங்க, நமக்கு ஒரு மெஷினுக்கு இவ்வளவுன்னு காசு வரும். நடந்தது வேற. 1996ல பவர் கம்ப்யூட்டிங் ஆப்பிளோட மெஷினை விட வேகமான மெஷினையே விலை குறைச்சுப் போட்டது. விண்டோஸ்காரன் அசையலை. ஏற்கனவே ஆப்பிள்ல பெரிய மெஷின் வாங்கிட்டிருந்த டிசைனர்களும் அச்சகக்காரங்களும் இந்தப் பக்கம் வந்துட்டாங்க. லாபம் முழுக்க இருந்தது அந்த மெஷின்கள்லதான். 1997 நிதியாண்டுல ஆப்பிளுக்கு நஷ்டம் 100 கோடி டாலருக்கு மேல. குளோன் மட்டுமே காரணம் இல்லை, ஆனா ரத்தம் கசிஞ்ச இடத்துல அதுவும் ஒண்ணு. திரும்பி வந்த ஜாப்ஸ் என்ன பண்ணார்? லைசென்ஸ் சிஸ்டம் 7க்குத்தான்கிறதால, 7.7ன்னு வரவேண்டியதை 'மேக் ஓஎஸ் 8'னு பேர் மாத்திட்டார். தில்லாலங்கடி! 1997 செப்டம்பர்ல 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்கு கொடுத்து பவர் கம்ப்யூட்டிங் லைசென்ஸைத் திரும்ப வாங்கி, கடையைச் சாத்தினார்.

இதைப் படிச்சப்புறம் ஆப்பிளைத் திட்ட மனசு வரலை. ஒருதடவை சூடு கண்ட பூனை. 2008ல ஃப்ளோரிடாவுல சைஸ்டார்னு ஒரு கம்பெனி சாதா பிசியில மேக் ஓஎஸ் போட்டு வித்தப்போ, ஆப்பிள் கோர்ட்டுக்குப் போய் 2009ல ஜெயிச்சதும் அதே பயத்துலதான்.

நடுவுல 2005ன்னு ஒரு வருஷம் வந்துச்சு. ஜனவரியில 499 டாலருக்கு மேக் மினி. அப்போதைய கணக்குல இருபத்திரெண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கம், வரி தனி. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் நீங்களே வச்சுக்கணும். ஆப்பிளா இதுன்னு எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. திறக்கத்தான் ஸ்க்ரூ இல்லை. பெயின்டர் பட்டி பூசுற தகடு இருக்கே, அதை ஓரத்துல விட்டு நெம்பணும். அதே வருஷம் ஏப்ரல்ல மேக் ஓஎஸ் டைகர் வந்துச்சு. முரசு அஞ்சல் முத்து நெடுமாறனோட 'இணைமதி' எழுத்துரு, தமிழ் விசைப்பலகை எல்லாம் அதுக்குள்ளயே. நாம கன்வர்ட்டரோட மல்லுக்கட்டிட்டிருந்தப்போ, எதையும் இறக்காம நேரா தமிழ் அடிக்கிற மெஷின் ஒண்ணு உலகத்துல இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு ராஜபாளையத்துல அதை யாரும் கண்ணால பார்க்கலை. இந்த விவாதத்துல எனக்கு வலிக்கிற இடம் இதுதான். தமிழ் நல்லா உட்கார்ந்த மெஷின் ஒரு பக்கம், தமிழ் எழுதின ஆளுங்க இன்னொரு பக்கம்.

அதே 2005ல எச்சிஎல் 9,990 ரூபாய்க்கு ஒரு பிசி விட்டது. வயா ப்ராசசர், 128 எம்பி ராம், லினக்ஸ். எச்சிஎல்லும் நம்மூர் லெவல்ல பெரிய பேர்தான், புதுச்சேரியில ஃபேக்டரி இருந்துச்சு. மலிவும் விடலாம், உசத்தியும் விடலாம்னு ரெண்டு குதிரையிலயும் ஏறினாங்க. 2013ல பிசி தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. பத்தாயிரம் ரூபாய் பிசியில மிச்சம் என்ன நிக்கும்? அண்ணாச்சிக்கு நூறு இருநூறு நின்னா போதும், ஃபேக்டரிக்குப் போதாது.

அதனால என் கட்சி இதுதான்: மலிவு டவர் போடாதது ஆப்பிளுக்குச் சரியான வியாபாரம். மூடியை ஒட்டினதுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. மலிவா விக்கிறது லாபத்தைத் தொடுற விஷயம். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ராம் துண்டு போட விடுறது அந்த அளவுக்குத் தொடாது. 2020ல எம்1 வந்ததுல இருந்து ராம் சிப்போடயே சேர்ந்து வருது. வேகத்துக்கு அதுல நியாயமான காரணம் உண்டு, மறுக்கலை. ஆனா 2023ல வந்த மேக் ப்ரோ, அவ்வளவு பெரிய அண்டா, ஸ்லாட் கூட இருக்கு, அதுலயும் ராம் சேர்க்க முடியாதுன்னா என்ன சொல்ல? சொந்தமா பிசி பூட்டி மேக் ஓஎஸ் ஏத்துற ஹேக்கின்டாஷ் ஆளுங்களுக்கும் கதவு மூடியாச்சு; 2025ல வந்த டஹோதான் இன்டெல் மெஷின்ல ஓடுற கடைசிப் பதிப்பு.

2024 நவம்பர்ல எம்4 மேக் மினி இந்தியாவுல 59,900 ரூபாய்க்கு வந்துச்சு. 16 ஜிபி ராம். 24 வேணும்னா கூட 20,000. அதையும் வாங்குற அன்னிக்கே எண்ணி வைக்கணும், தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்கிற பேச்சே கிடையாது.